நட்டு வாங்கப் போன பதினான்கு வருடம்

மக்கா,

மூன்று வெள்ளிக்கிழமையாக உன் போன் வரவில்லை. நான் பேசிய பேச்சுக்கு வராதுதான். சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஏதோ வேலை இருப்பவன்போலப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். டி.வி. ரிமோட்டைக் கழற்றுகிறேன், துடைக்கிறேன், திரும்ப மாட்டுகிறேன். போன வாரம் உன் அம்மா யூனிபார்மை மாட்டிக்கொண்டே இதைப் பார்த்தாள். "அந்த ரிமோட்டுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத்தான் என்னமோ கழண்டு கெடக்கு. போன்ல சொல்ல வாய் வரலன்னா பேப்பர்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். முப்பது வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவள், ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். இங்கே பஹ்ரைனில் ஈசா டவுன் ஸ்கூலில் நீ படித்த தமிழுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மெதுவாகவே படி.

அன்று போனில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, அதே டொராண்டோவில் யூதர்கள் நடத்தும் ஒரு கலை, பண்பாட்டு மையத்தில் இசை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளராகச் சேரப் போவதாகச் சொன்னாய். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். நாம் இருப்பது மூன்றாவது மாடி, எதிரே காலி மனை, வெயிலுக்கு ஒரு பூனைகூட வெளியே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்தக் கதைதான். சாத்திவிட்டு வந்து கத்தினேன். "ஏலே, ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா? இங்க நாங்க விசாவுல இருக்கோம்லே. அந்தப் பேர என் போன்ல சொல்லாத." நீ கோபப்படவில்லை. "அப்பா, இட்ஸ் ஓப்பன் டு எவ்ரிபடி. நீங்க யாருக்குப்பா பயப்படுறீங்க?" என்று மட்டும் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் நான் கத்தியது அந்த வேலைக்காக இல்லை மக்கா. அந்தப் பெயரைச் சொன்ன கையோடு நீ சாதாரணமாகக் கேட்ட இன்னொரு கேள்விக்காக. "இங்க ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு குட்டி டப்பாவ சாய்ச்சு அடிச்சிருக்காங்கப்பா. நம்ம பியானோ மேடம் வீட்லயும் இதே மாதிரி இருந்துச்சுல்ல? அப்ப அவங்க ஜூயிஷா? உங்களுக்குத் தெரியுமா? பஹ்ரைன விட்டு எந்த ஊருக்குப் போனாங்க?" என்று கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். ஆமாம், எனக்குத் தெரியும். அவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. மேடம் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று உனக்குப் பத்து வயதில் நான் சொன்னது பொய்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய ஈமெயிலை உன் அம்மா ஆஸ்பத்திரியில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தாள். நான்கு பக்கம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன். கீழ்த் தளத்தில் களிமண் சக்கரம் வைத்து வகுப்பு நடக்கிறது, அதில் பாதிப் பேர் சீனாக்காரப் பெண்கள் என்று எழுதியிருந்தாய். மாடியில் ஓவியக் கண்காட்சி. படிக்கட்டில் எந்நேரமும் யாராவது ஒரு வாத்தியப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய ஹாலில் ஒரு வாரம் அவர்களுடைய பழைய பாஷையில் நாடகம், அடுத்த வாரம் ஒரு ஈரானியரின் பாட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள், மற்றபடி யார் வேண்டுமானாலும் வரலாம். வேலைக்கு எடுக்கும்போது உன் மதம் என்ன என்று யாரும் கேட்கவில்லையாம். முதன்முதலில் உன்னைப் பியானோ முன்னால் உட்கார வைத்தது யார் என்று கேட்டார்களாம். பஹ்ரைனில் ஒரு மேடம் என்று சொன்னேன், அவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மேடம் வீட்டுக்குப் போன முதல் நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. ஸ்கூலுக்கு ஏதோ லீவு, அம்மாவுக்கு டியூட்டி. உன்னை வீட்டில் தனியாக விட முடியாமல் கம்பெனி பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மனாமாவில், சூக் என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. ஏ.சி. சர்வீஸ். ஹால் நிலையில் சாய்வாக ஏதோ ஒன்று இருந்ததைப் பார்த்து, காலிங் பெல் என்று நினைத்து அழுத்தினேன். இரண்டாம் தடவை அழுத்தும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இந்தியில் வந்தது. "அத எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது மிஸ்திரி, உள்ள வா." ஐம்பதை ஒட்டிய வயது, சாயம் அடித்த முடி, கையில் சிகரெட். இங்கே நம்மை எல்லோரும் பொதுவாக ரஃபீக், அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்திரி என்று தொழிலைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். பஹ்ரைன்காரர், ஆனால் சின்ன வயதில் பம்பாயில் உறவினர் வீட்டில் இருந்ததாகச் சொன்னார், இந்தி நம்மைவிட நன்றாகப் பேசினார். பார்சியாக இருக்கும் என்று நானாகவே முடிவு பண்ணிக்கொண்டேன். கேட்கவில்லை.

நான் ஏணியில் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கீழே டொங் என்று ஒரு சத்தம். நீ பியானோவில் ஒரு விரலை வைத்துவிட்டாய். "ஏலே, கைய எடு!" என்று மேலே நின்றபடி போட்ட சத்தத்தில் நீ நடுங்கிப்போனாய். மேடம் புகையை ஊதிக்கொண்டே, "பையன் வாசிச்சா எனக்குக் கஷ்டம் இல்ல. நீ கத்துறதுதான் கஷ்டமா இருக்கு" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இந்த ஹால் தெறந்திருக்கும். யாரு வேணா வரலாம். இவனும் வரட்டும்" என்றார். அவ்வளவுதான். ஃபார்ம் இல்லை, கேள்வி இல்லை. நானும் மாதம் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம்தான் சர்வீஸ் கால் வரும் என்பதால் சரி என்றேன்.

ஏழு மாதம் போனாய். இறக்கிவிட வரும்போதும் கூட்டிப்போக வரும்போதும் நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஹோட்டல் மியூசிக் பாண்டில் பியானோ வாசிக்கும் கோவாக்காரர் ஒருவர், ஊத் என்கிற அந்தக் குண்டு வீணையை மடியில் வைத்து வாசிக்கும் பஹ்ரைனி வாத்தியார், வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்கள் நாலைந்து பேர், அரபியில் கவிதை சொல்லி அவரே அழும் ஒரு சூடான்காரர். சுவரில் யார் வரைந்ததோ, படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மேடம் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. காய்ந்த கறுப்பு எலுமிச்சை போட்ட டீயை ஊற்றிக் கொடுப்பார், மூலை நாற்காலியில் உட்கார்ந்து புகைப்பார், வாசித்தது நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்பார். நீ அந்தக் கோவாக்காரரின் கையைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாய். பிக்கப்பில் திரும்பி வரும்போது டாஷ்போர்டில் வாசித்துக்கொண்டே வருவாய். இதற்கு முன் வேறு வளைகுடா நாடுகளில், ஃபஹாஹீலில் மூன்று வருடம், ராஸ் லஃபானில் இரண்டு வருடம் லேபர் காம்பில் தனியாகக் கிடந்துவிட்டு இங்கே குடும்பத்தைக் கொண்டுவந்தவன் நான். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான், வந்தது வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி அந்த மெழுகுவத்தி நாளைச் சொல்ல வேண்டும். அன்று நீ என்னோடு வரவில்லை. ஹாலில் ஸ்ப்ளிட் ஏ.சி. குளிரவில்லை என்று கால். உள் யூனிட்டில் ஒரு நட்டு விரிசல் விட்டு கேஸ் கசிந்துகொண்டிருந்தது. ஏணிக்குக் கீழே சின்ன மேசையில், கண்ணாடி டம்ளரில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. பட்டப்பகலில் ஏன் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மேடம் சமையலறையில் இருந்தார். இந்த ஏ.சி. கேஸ் கசியும் இடத்தில் நெருப்பு இருந்தால் நச்சுப் புகை வரும், அணைத்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தொட வேண்டும், இது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஏணியில் இரண்டு படி இறங்கிக் குனிந்து, ஃபூ என்று ஊதி அணைத்தேன். சொந்த வீட்டில் விளக்கை வாயால் ஊதினால் என் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டில் மட்டும் எனக்கு அது வெறும் நெருப்பாகத் தெரிந்தது.

டீயோடு வந்த மேடம் டம்ளரைப் பார்த்தார். டீயை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "கேஸ் லீக் மேடம், ஃப்ளேம் இருக்கக் கூடாது" என்றேன். "தெரியுது. நீ உன் வேலையச் செஞ்ச" என்றார். டம்ளரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என் தம்பி செத்த நாள். ஒரு ராத்திரி ஒரு பகல் முழுக்க அது எரியணும். லண்டன்லேர்ந்து ஒருத்தர் கொண்டுவந்து குடுப்பார், வருஷத்துக்கு ஒண்ணு" என்றார். நான் பதறிப்போய் லைட்டரை எடுத்தேன். கை காட்டி நிறுத்தினார். "கலாஸ், போதும். நட்ட மாத்திட்டுப் போ, நானே பாத்துக்கிறேன்." அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இது என்ன வழக்கம் மேடம், பார்சி வழக்கமா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாங்க யஹூதி. இந்த ஊர்ல கொஞ்சப் பேர் இருக்கோம். நிலையில அடிச்சிருக்கிற எங்க வேத டப்பாவ அழுத்தினியே, உனக்கு அன்னைக்கே தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

மக்கா, கடலில் போன என் அண்ணனை உனக்குப் படத்தில்தான் தெரியும். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று ஊர் முழுக்க அவரவர் கல்லறையில் நிற்கும்போது, நாங்கள் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் வெறும் மணலில் ஒரு மெழுகுவத்தியை நட்டு, கடல் காற்று அணைத்துவிடாமல் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். கை சுட்டாலும் எடுக்க மாட்டோம். உடன்பிறந்தவனின் மெழுகுவத்தி என்றால் என்ன என்று அந்த ஹாலில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அதைச் சொல்லி, அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? கருவிகளை அள்ளிப் பையில் போட்டேன். "சரியான நட்டு கையில இல்ல மேடம். போய் எடுத்துட்டு வாறேன்" என்றேன். நட்டு என் பையிலேயே இருந்தது. படி இறங்கினேன், போனேன், பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

பிக்கப்பில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். நம் கபீலுக்கு, கம்பெனி முதலாளிக்கு, தெரிந்தால் என்ன ஆகும்? நம் விசா அவர் பெயரில் இருக்கிறது. ஏழு மாதமாக மகனை அந்த வீட்டுக்கு அனுப்பினாயா என்று கேட்டால்? விசாவைக் கான்சல் பண்ணி விமானம் ஏற்றிவிட்டால் ஊரில் என்ன இருக்கிறது, வலையும் கட்டுமரமுமா? டி.வி.யில் ஒரு நாட்டைப் பற்றி வந்த செய்தியையெல்லாம், டீ ஊற்றிக் கொடுத்த அந்த அம்மா தலையில் கட்டினேன். நன்றாகக் கவனி, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஆள் மிரட்டவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அரண்டது நான். ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லி, அந்த வேலையை முடிக்க நம்ம பேபிச்சனை அனுப்பினேன். கூட வேலை பார்த்த அந்த மலையாளியை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு அல்வா வாங்கி வருவாரே.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "மேடம் ஃபாரின் போய்ட்டாங்க மக்கா. இனி வர மாட்டாங்க" என்றேன். "என்கிட்ட சொல்லாமலேவா?" என்று கேட்டாய். "பெரியவங்க ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாங்களோ?" என்று ஒரு அதட்டுப் போட்டேன். ஷூவைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாய். பல நாள் சாப்பாட்டு மேசையில் சத்தம் வராமல் வாசித்துக்கொண்டிருந்தாய். இரண்டு வாரம் கழித்துப் பேபிச்சன் வந்து, "ஆ மேடம் விசாரிச்சு கேட்டோ, பையன் ஏன் வரலன்னு. அவனோட மியூசிக் புக்கு அங்கேயே இருக்காம்" என்று தன் கலவைத் தமிழில் சொன்னார். லீவில் ஊருக்குப் போய்விட்டோம் என்று சொல்லச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உனக்கு ஒரு பிளாஸ்டிக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். எங்கப்பா எனக்கு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார் என்று உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வாய். நான் அந்த அறையில் நிற்க மாட்டேன்.

பதினான்கு வருடம் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் கால் வந்தால் மற்றவனோடு மாற்றிக்கொள்வேன். ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு, அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். உன் அம்மா, "என்ன, பாசுமதியா வேணும்?" என்று கேட்டாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை. இந்த வாரம்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் அழுதாள், பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இங்கே வார விடுமுறையையே வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டார்கள், ஊரில் பாதி இடிந்து புதிதாக எழும்பிவிட்டது. என் பயம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். டூல் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வீடு இருக்குமா, அவர் இருப்பாரா என்றும் தெரியாது. நாலு மணி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரோ ஊத் வாசிக்கும் சத்தம். ஹால் நிலையில் அந்த டப்பா அதே இடத்தில். இந்தத் தடவை அழுத்தவில்லை. மூலை நாற்காலியில் மேடம் இருந்தார். முடிக்குச் சாயம் இல்லை, பக்கத்தில் கைத்தடி, சிகரெட்டையும் விட்டுவிட்டார்போல. கண்ணைச் சுருக்கி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார். "என்ன மிஸ்திரி, நட்டு கெடச்சுதா?"

நான் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த ஏ.சி.யக் கழட்டிப் போட்டே பத்து வருஷம் ஆச்சு" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஊத் வாசித்துக்கொண்டிருந்தவர் நாகரிகமாக எழுந்து வெளியே போனார், அதே வாத்தியார்தான், கிழவராகிவிட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகுவத்தி, பையிலேயே இருந்த நட்டு, கபீல், உனக்குச் சொன்ன பொய், அரிசி மூட்டை வரைக்கும். என் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அண்ணன் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உன் கபீலுக்குப் பயந்தியா? அவர் அம்மா எனக்கு ஸ்கூல்லேர்ந்து சிநேகிதி. உன் கம்பெனியை இந்த வீட்டுக்கு அனுப்பினதே அவங்கதான்" என்றார். பதினான்கு வருடம் நான் யாரிடமிருந்து ஒளிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை மக்கா.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன். அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "மெழுகுவத்திய நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன். சமையலறையில இருந்த மெழுகுவத்திய ஒண்ணு மாத்தி ஒண்ணாக் கொளுத்தி, சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். தம்பியோட அப்படி உக்காந்து ரொம்ப நாளாச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பையனோட செவ்வாய்க்கிழமைங்க இருக்கே, அது என்னோடது இல்ல. அத நான் எப்படி மன்னிக்கிறது? அவன்கிட்டப் போய்க் கேளு." அப்படிச் சொன்னபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை. எனக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

நீ இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டார். நீ சேரப் போகும் இடத்தைச் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை முழுதாக, என் குரலிலேயே சொன்னேன். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்துபோய் பியானோ பெஞ்சின் மூடியைத் திறந்து உன் மியூசிக் புத்தகத்தை எடுத்து வந்தார். பென்சிலில் உன் பெயர், அதற்குக் கீழே நாலாம் வகுப்பு பி பிரிவு என்று எழுதியிருக்கிறாய். நீ விட்ட பக்கத்தின் ஓரம் மடித்தபடியே இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். பஸ்ஸில் திரும்பும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், மடிப்பை நிமிர்த்தவில்லை.

அப்பா என்றால் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியுமா? இரண்டே இரண்டு. உன் ஹாலுக்கு ஏ.சி. பார்க்கவோ பைப் பார்க்கவோ ஒருவன் வந்தால் முதலில் டீ கொடு, எதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிவிடு. தெரியாதவன் கெட்டவன் இல்லை, ஆனால் தெரிந்த பிறகு ஓடிப்போகிறவனை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, யாராவது ஒரு பிள்ளை நாலைந்து வாரம் வந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிட்டால், போய்த் தேடு. அவன் அப்பன் ஏதாவது சொல்லியிருப்பான், அதை அப்படியே நம்பிவிடாதே. நீ, "யாருக்குப்பா பயப்படுறீங்க?" என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கபீலுக்கு இல்லை, ஊருக்கும் இல்லை. ஒரு தப்பைச் செய்துவிட்டு அதே வீட்டு வாசலில் மறுபடி போய் நிற்கப் பயந்தேன். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

அந்த வேலையில் சேர். என் சம்மதத்துக்காக நீ காத்திருப்பதாக அம்மா சொன்னாள். என் சம்மதம் பெரிய விஷயமில்லை, இருந்தாலும் கேட்டாய் என்பதால் சொல்கிறேன், முழு மனதோடு சரி. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, மகன் எங்கே வேலை என்று கேட்டவர்களிடம் எங்கே என்று சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். ஒருவர், "அங்க பாட்டு எல்லாம் படிக்கலாமா, என் மக நல்லாப் பாடுவா" என்றார். வானம் இடிந்து விழவில்லை.

என்னை மன்னிக்க வேண்டும் மக்கா. உன்னிடமிருந்து ஒரு ஹாலையும், உன்னைத் தேடிய ஒரு மனுஷியையும் நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர முடியாது என்று தெரியும். உடனே பதில் எழுத வேண்டாம், கோபம் இருந்தால் இருக்கட்டும், அது நியாயமான கோபம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும், மேடம் தன் கையால் எழுதியது, கீழே அவர் பெயரும் இருக்கிறது. இனி யாராவது கேட்டால் பெயரைச் சொல்லலாம். வருகிற செவ்வாய்க்கிழமைகளில் நாலு மணிக்கு நான் அந்த ஹாலில்தான் இருப்பேன், வாசல் பக்கத்து நாற்காலியில். உனக்கு அப்போது காலை நேரம். மனது வந்தால் அந்த நம்பருக்குக் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், பயப்படாதே. மேடம்தான் எடுப்பார். போனைப் பியானோ மேலேயே வைத்திருக்கிறார்.

அப்பா